தக்க என்னும் சொல்



முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்தவன் நான். அவற்றுள் பிற்பகுதியைத் தலைமையாசிரியனாகக் கழித்தேன். ஒரு தலைமையாசிரியன் தன் வாழ்நாளில் எழுதும் எழுத்துக்களில் பெரும்பகுதி இலக்கியமும் அன்று, வரலாறும் அன்று. சுற்றறிக்கை, வருகைப் பதிவேடு, நன்னடத்தைச் சான்று ஆகியவையே அவன் இயற்றும் நூல்கள். அந்த நூல்களிலே நான் அடிக்கடி ஆண்ட சொற்களுள் ஒன்று, 'தக்க' என்பது. 'தக்க காரணமின்றி வராதிருந்தால்', 'தக்க நடவடிக்கை எடுக்கப்படும்', 'தக்க தண்டனை வழங்கப்பட்டது' என்று எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஓய்வு பெற்ற பின்னர் ஒருநாள் பழைய தாள்களைப் புரட்டியபோதுதான், இந்தச் சிறு சொல்லை நான் எவ்வளவு குறைவாக அறிந்திருந்தேன் என்பது விளங்கிற்று. அந்தச் சொல்லின் வரலாற்றையும், அது திண்டுக்கல் சீமையில் நடந்து வந்த வழியையும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் இலக்கணம். அஞ்ச வேண்டாம், சுருக்கமாகவே சொல்லி முடிப்பேன்.

'தகு' என்பது வினைப்பகுதி. புகு என்பது புக்க என்றும், மிகு என்பது மிக்க என்றும், நகு என்பது நக்க என்றும் பகுதி இரட்டித்து இறந்த காலம் காட்டுவதுபோல, தகு என்பது 'தக்க' என்று ஆகும். 'தகுந்த' என்பதும் அதன் மற்றொரு வடிவம். தகுதி, தகவு, தகைமை, தக்கோர், தகாத என்பன எல்லாம் இந்த ஒரே வேரில் கிளைத்தவை. கோயில்களின் நிருவாகத்தில், அறங்காவலர் இல்லாத இடத்தில் அரசு ஒருவரை அமர்த்துகிறதே, அவருக்குத் 'தக்கார்' என்று பெயர். ஒரு சொல் ஒரு பதவியாகவே உயர்ந்து நிற்பதை அங்கே காண்கிறோம்.

இதற்கு நெருங்கிய உறவினர் இருவர் உண்டு. ஒன்று 'உரிய', மற்றொன்று 'ஏற்ற'. மூன்றையும் ஒன்றென்று எண்ணி மாணவர் பலர் மாற்றி மாற்றி எழுதுவர். ஆனால் நிலக்கடலை பறிக்க வந்த கூலியாளுக்கு மாலையில் கொடுப்பது உரிய கூலி. அது பேசிய பேச்சால் வந்த உரிமை. சிறு பிள்ளையின் தலையில் வைப்பது ஏற்ற சுமை. அது தாங்கும் ஆற்றலைப் பொறுத்தது. பேச்சும் இல்லை, பத்திரமும் இல்லை, ஒருவன் செய்த செயலைப் பார்த்து, 'இவனுக்கு இது செய்யாவிட்டால் நமக்கே குறை' என்று மனம் உணர்ந்து கொடுப்பது தக்க பரிசு. உரிமை கேட்டு வாங்கப்படும். தகுதி பிறரால் அறியப்பட வேண்டும். எனவே, தக்கது இன்னது என்று சொல்ல ஒரு நடுநிலையான கண் வேண்டும். இக்கருத்தை மறவாதீர்கள், இனி வரும் வரலாறு முழுவதும் அந்தக் கண்ணைப் பற்றியதே.

ஆங்கிலத்திலும் இதற்கு நிகரான சொல் ஒன்று உண்டு. 'காண்டைன்' என்று அதனை ஒலிப்பர். முற்றும் தகுந்தது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. தொடக்கத்தில் அது நன்மைக்கும் தீமைக்கும் பொதுவாகவே இருந்தது. ஷேக்ஸ்பியர் 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' என்னும் நாடகத்தில் அதனைப் புகழுக்கு அடைமொழியாக ஆண்டார்; ஆறாம் ஹென்றி நாடகத்தின் இரண்டாம் பகுதியில் தண்டனைக்கு அடைமொழியாக ஆண்டார். ஆனால் டியூடர் மன்னர் காலத்துச் சட்டங்கள் அச்சொல்லைத் தண்டனையோடு சேர்த்தே திரும்பத் திரும்ப எழுதின. சட்டத்தோடு பழகிய சொல் மெல்ல மெல்லச் சிறைக்காவலர் உடையை அணிந்துகொண்டது. 1755ஆம் ஆண்டில் சாமுவேல் ஜான்சன் தம் பேரகராதியை வெளியிட்டபோது, 'தகுதியானது' என்று பொருள் கூறிவிட்டு, குற்றத்தால் வந்தெய்துவதற்கே இச்சொல் வழங்கும் என்று குறிப்பும் எழுதிவிட்டார். பரிசுக்கு உரியதாக இருந்த பாதி அந்தச் சொல்லை விட்டு நீங்கிவிட்டது.

1755 என்னும் அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டில் திண்டுக்கல்லில் நடந்த ஒன்றை நான் பின்னர்ச் சொல்லவிருக்கிறேன். அதற்கு முன், இன்னும் பழைய காலத்திற்குச் செல்வோம்.

வத்தலக்குண்டிலிருந்து வெகுதொலைவில் இல்லாத ஓர் ஊர் புலிமான்கோம்பை. வைகை ஆற்றை அடுத்தது. இன்று தேனி மாவட்டத்து ஆண்டிப்பட்டி வட்டத்தில் உள்ளது. 2006ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தனர். அவற்றில் இருந்த எழுத்து தமிழ்ப் பிராமி. கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டுகளைச் சார்ந்தவை என்று ஆய்வாளர் கணித்தனர். இந்தியாவில் இதுகாறும் கிடைத்த எழுத்துடைய நடுகற்களுள் மிகப் பழமையானவை இவை. அவற்றுள் ஒன்று, கூடலூர் என்னும் ஊரில் நடந்த ஆநிரைப் பூசலில் வீழ்ந்த அந்தவன் என்பான் ஒருவனுக்கு எடுத்த கல். அவன் பெயர், ஊர், நிகழ்ச்சி, கல் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் அதில் இல்லை. அடைமொழி இல்லை, புகழ்மாலை இல்லை.

ஆனால் எண்ணிப் பாருங்கள். மாடுகளுக்காக நடந்த சண்டையில் உயிர்விட்ட ஒரு சாதாரண மனிதனின் பெயரை, அரசனும் அல்லாதவனின் பெயரை, அவன் ஊரார் கல்லில் வெட்டினர். எழுதத் தெரிந்த ஒருவனைத் தேடிப் பிடித்து வெட்டுவித்தனர். இறந்தவன் அதைக் கேட்கவில்லை, கேட்கவும் இயலாது. அவன் செய்ததை ஊர் கண்டது, ஊரே அளந்தது, ஊரே கொடுத்தது. நான் அறிந்த வரையில், நம் பகுதியில் 'தக்க பரிசு' என்பதற்கு மிகப் பழைய சான்று அந்தக் கல்தான். 'தக்க' என்னும் சொல் அதில் எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை.

பிற்காலத்தில் நாட்டில் அரசுகள் பெருகின, பரிசுகளும் வகைப்பட்டன. போரில் மாண்டவனின் குடும்பத்திற்கு வரியின்றிக் கொடுத்த நிலத்திற்கு உதிரப்பட்டி என்று பெயர். உதிரம் என்பது குருதி. குருதி சிந்தியதற்கு ஈடாக வந்த நிலம் என்பது கருத்து. நடுகல் இறந்தவனின் பெயரைக் காத்தது. உதிரப்பட்டி இருந்தவர்களின் அடுப்பைக் காத்தது. இரண்டும் சேர்ந்தால்தான் பரிசு நிறைவு பெறும் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

நாயக்கர் காலத்தில் அரசர் ஒருவர் கொடுத்த பரிசு ஒன்றைச் சொல்கிறேன். 1656ஆம் ஆண்டை ஒட்டி மைசூர் மன்னர் கந்தீரவ நரசராசரின் படை கொங்கு நாட்டைக் கடந்து மதுரையை நெருங்கிற்று. வழியில் அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்துச் சென்றதனால் அதனை மூக்கறு போர் என்று வரலாறு கூறும். திருமலை நாயக்கர் அப்போது முதுமையும் நோயும் உற்றுக் கிடந்தார். அவர் அழைப்பை ஏற்று இராமநாதபுரத்து இரகுநாத சேதுபதி பெரும்படையோடு விரைந்து வந்து மதுரையைக் காத்தார். நாயக்கர் அவருக்கு என்ன கொடுத்தார்? திறையைத் தள்ளினார். மதுரையில் நடப்பது போன்ற நவராத்திரி விழாவை இராமநாதபுரத்தில் நடத்தும் சிறப்பைத் தந்தார். இவற்றினும் மேலாக, தம் பெயரையே கொடுத்தார். அன்று முதல் அவர் 'திருமலை சேதுபதி' ஆனார். பொன் கொடுப்பவன் தன் பெட்டியிலிருந்து கொடுக்கிறான். பெயர் கொடுப்பவனோ தன்னிலிருந்தே கொடுக்கிறான். செய்த உதவியின் அளவை உணர்ந்தவன் கொடுத்த பரிசு அது.

இனித் திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு வருவோம். நகருக்கு நடுவே வெறும் பாறையாய் நிமிர்ந்து நிற்கும் அந்த மலையை அறியாதார் இங்கு இல்லை. 1605ஆம் ஆண்டில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் அதன்மேல் கோட்டை கட்டத் தொடங்கினார். திருமலை நாயக்கர் அதனை வலுப்படுத்தினார். சுற்றியிருந்த சமவெளியிலும் மலையடிவாரத்திலும் கன்னிவாடி, விருப்பாட்சி, ஆயக்குடி, இடையன்கோட்டை, அம்மையநாயக்கனூர், நிலக்கோட்டை முதலிய பாளையங்கள் இருந்தன. பாளையம் என்பதே ஒருவகையில் பரிசுதான். படைத்துணை செய்வதற்காகக் கொடுத்த நிலம் அது. எனவே பரிசும் கடமையும் அதில் பிரிக்க இயலாதபடி கலந்திருந்தன.

பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கோட்டை மைசூராரின் கையில் இருந்தது. 1755ஆம் ஆண்டில், ஆம், ஜான்சனின் அகராதி இலண்டனில் வெளிவந்த அதே ஆண்டில், மைசூர் அரசு இப்பகுதிக்குப் பௌஜ்தாராக ஒருவரை அனுப்பிற்று. அவர் பெயர் ஹைதர் அலி. பிற்காலத்தில் மைசூரையே ஆளப்போகும் அவருக்கு ஏற்றத்தின் முதற்படி நம் திண்டுக்கல்தான். பிரெஞ்சுக்காரரின் துணையோடு இங்கே அவர் படைக்கலச் சாலை அமைத்தார், பாளையக்காரர்களை ஒடுக்கினார், பொருளும் சேர்த்தார்.

பொருள் சேர்த்த வகையில் ஒன்றை, மைசூரில் பின்னர் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த மார்க் வில்க்ஸ் என்பவர், 1810 முதல் 1817 வரை வெளிவந்த தம் தென்னிந்திய வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். பாளையக்காரரோடு நடந்த ஒரு சண்டைக்குப் பின், ஹைதர் தம் வெற்றியைப் பெரிதாக்கிச் சீரங்கப்பட்டணத்திற்கு அறிக்கை அனுப்பினார். மாண்டோர், காயமுற்றோர் பட்டியலும் நீளமாகச் சென்றது. மைசூர் அரசில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது: போரில் காயமுற்ற வீரனுக்கு, காயம் ஆறும்வரை மாதந்தோறும் ஒரு தொகை கொடுப்பர். பட்டியலைக் கண்ட அரசு பரிசுகளோடு ஓர் அதிகாரியை அனுப்பிற்று. அவர் காயமுற்றோரைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.

உண்மையில் காயமுற்றிருந்தோர் 67 பேர். ஹைதர் என் செய்தார்? நலமாக இருந்த வீரர் 700 பேருக்குக் கையிலும் காலிலும் மஞ்சள் தோய்த்த துணியைச் சுற்றிக் கட்டி வரிசையில் நிறுத்திவிட்டார்! அதிகாரி வந்தார், மஞ்சள் கட்டுகளைக் கண்டார், தலைகளை எண்ணினார், கட்டுகளை அவிழ்த்துப் பார்க்கவில்லை. அத்தனை பேருக்கும் பணம் வழங்க ஏற்பாடாயிற்று.

இந்தக் கதையைக் கேட்டு வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் சிரித்தேன். ஆனால் ஒரு முறை மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அந்த 67 பேரும் அன்று என்ன நினைத்திருப்பார்கள்?" என்று கேட்டாள். என் சிரிப்பு நின்றுவிட்டது. ஆம், அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? உண்மையான புண்ணோடு வெயிலில் நின்றவன், தன் பக்கத்தில் நல்ல கையில் மஞ்சள் துணி கட்டி நின்றவனைப் பார்த்திருப்பான். இருவர் கட்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தகாதவனுக்குப் பரிசு கிடைத்தால் அரசுக்குப் பொருள் நட்டம் மட்டுமே என்று எண்ணுகிறோம். அன்று, தக்கவனின் புண்ணே பொய்யாகிவிடுகிறது. அவனது குருதியும் மஞ்சளாகிவிடுகிறது. பரிசின் மதிப்பு, அதைப் பெறாமல் இருக்கவேண்டியவர்கள் பெறாமல் இருப்பதிலும் அடங்கியுள்ளது. வரலாற்றில் நான் கற்ற பெரிய பாடங்களுள் ஒன்றை எனக்கு அந்த மாணவியே கற்பித்தாள்.

ஹைதரின் பெருமையை நான் இதனால் குறைக்கவில்லை. 1772ஆம் ஆண்டில் காளையார்கோவில் போரில் சிவகங்கை மன்னர் முத்து வடுகநாதர் வீழ்ந்தபோது, அரசி வேலு நாச்சியார் விருப்பாட்சிப் பாளையத்தில் அடைக்கலம் புகுந்தார். திண்டுக்கல்லில் ஹைதரின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. எட்டாண்டுகள் காத்திருந்து, 1780ஆம் ஆண்டில் அந்த வீர அரசி தம் நாட்டை மீட்டார். ஒரே மனிதர் மஞ்சள் துணியும் கட்டுவார். ஆதரவற்ற அரசிக்குத் தோளும் கொடுப்பார். மனிதரை ஒரே சொல்லில் அடக்க முயல்வோர் வரலாறு படிக்கலாகாது.

அரசிக்கு அடைக்கலம் தந்த விருப்பாட்சிப் பாளையத்தின் தலைவர் கோபால நாயக்கர். 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று. நிலவரியும் அடக்குமுறையும் பாளையங்களை நெருக்கின. கோபால நாயக்கர் அண்டைப் பாளையக்காரர்களை ஒன்று திரட்டினார். திண்டுக்கல் கூட்டணி என்று வரலாற்றாசிரியர் அதனைக் குறிப்பர். சிவகங்கை மருது சகோதரர்களோடும், மைசூர்ப் பக்கத்துக் கிளர்ச்சியாளரான தூந்தியா வாக்கோடும் அவர் தொடர்பு கொண்டார். 1800ஆம் ஆண்டு சூன் மாதத்தில் கோயம்புத்தூரில் இருந்த கம்பெனிப் படையைத் தாக்க வகுத்த திட்டம் முறிந்தது. பிடிபட்ட பலர் தூக்கிலிடப்பட்டனர். 1801ஆம் ஆண்டில் விருப்பாட்சி வீழ்ந்தது. கோபால நாயக்கர் பிடிபட்டார், தூக்கிலிடப்பட்டார். திண்டுக்கல் நகரத்துக் கோபாலசமுத்திரக் குளக்கரையிலே அது நிகழ்ந்தது என்று ஊரார் சொல்வது வழக்கம்.

கம்பெனியின் கண்ணுக்கு அது கலகக்காரனுக்குத் தக்க தண்டனை. ஜான்சன் தம் அகராதியில் குறித்த பொருளில், குற்றத்தால் வந்தெய்தியது. ஆனால் நாட்டின் கண் வேறு வகையில் அளந்தது. விருப்பாட்சியில் இன்று அவருக்கு மணிமண்டபம் நிற்கிறது. அரசு மரியாதை செய்கிறது. பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா சென்று பார்க்கின்றனர். செயல் ஒன்றுதான். ஒருவர் கயிற்றை அதற்குத் தக்கது என்றார். மற்றவர் மாலையை அதற்குத் தக்கது என்றார். அப்படியானால் 'தக்க' என்னும் சொல்லுக்கு உறுதியான பொருளே இல்லையா, வல்லவன் சொன்னதே தக்கதா என்று நீங்கள் கேட்கலாம்.

அவ்வாறு அன்று. கயிற்றைத் தந்தவன் வழக்கிலே ஒரு கட்சி. தன் ஆட்சிக்கு வந்த இடரையே அவன் அளவுகோலாகக் கொண்டான். மாலையைத் தந்தவர்களோ அதனால் ஆதாயம் அடையாதவர்கள். இறந்தவரிடம் எதையும் எதிர்பார்க்க இயலாதவர்கள். தகுதியை அளப்பவன் தன் நலத்தை ஒதுக்கி வைத்து அளந்தானா என்பதே கேள்வி. திருவள்ளுவர் தக்காரையும் தகவிலரையும் பிரித்தறியும் வழியை நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தது தற்செயல் அன்று. அவரவர் விட்டுச் செல்லும் எச்சத்தால் அது விளங்கும் என்பது அவர் கருத்து.

அதன் பின்னர் வந்தது காகிதத்தின் காலம். பழைய அரசர்கள் கொடுத்த இனாம் நிலங்களைச் சோதிக்க, 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைந்தது. ஊர் ஊராக விசாரணை நடந்தது. நிலம் வந்த வழி என்ன, பட்டயம் உண்டா, அனுபவம் எத்தனை காலம் என்று கேட்டனர். கொடுத்த காலத்தில் தகுதி பார்க்கப்பட்டது. சோதித்த காலத்தில் ஆவணம் பார்க்கப்பட்டது. 1963ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றம் இயற்றிய சட்டங்களால் இனாம் முறையே ஒழிந்தது. தந்தையின் தகுதிக்குத் தந்த பரிசைப் பேரனின் பேரனும் உழாமல் உண்டுகொண்டிருப்பது தகாது என்று மக்களாட்சி கருதிற்று. தகுதி மரபுரிமையாகச் செல்லுமா என்னும் வினாவிற்கு ஒரு நாடு அளித்த விடை அது.

இத்தனை வரலாறும் கற்பித்த நான், என் பள்ளியில் எவ்வாறு நடந்தேன் என்பதையும் சொன்னால்தான் என் பேச்சு நேர்மையுடையதாகும்.

1990களில் நடந்தது. அரையாண்டுத் தேர்வின் முதல் நாள் காலை. வினாத்தாள் வைத்திருந்த அலமாரியின் சாவி காணவில்லை. தொங்கியது திண்டுக்கல் பூட்டு. அதன் உறுதியை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆசாரியை அழைத்துவர ஆள் போயிருந்தது. மணி அடிக்க வேண்டிய நேரமும் நெருங்கிற்று. அப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து, "நான் பார்க்கட்டுமா ஐயா?" என்றான். அவன் தந்தை பூட்டுத் தொழிலாளி. ஒரு கம்பித்துண்டைக் கொண்டு, காதைப் பூட்டோடு வைத்துக்கொண்டு, சிறிது நேரத்தில் திறந்துவிட்டான். பூட்டிற்கு ஒரு கீறலும் இல்லை. தேர்வு குறித்த நேரத்தில் நடந்தது. நான் அவன் முதுகில் தட்டினேனா என்பதுகூட எனக்கு நினைவில் இல்லை.

ஒரு வாரம் கழிந்தது. அதே அலமாரியில் வைத்திருந்த தேர்வுக் கட்டணப் பணத்தில் 200 ரூபாய் குறைந்தது. என் மனம் நேராக அந்தப் பையனிடம் சென்றது. திறக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தானே! அவனை அழைத்துக் கேட்டேன். "நான் எடுக்கவில்லை ஐயா" என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பேசாதிருந்ததையே குற்றத்திற்குச் சான்றாகக் கொண்டேன். ஒரு வாரம் பள்ளிக்கு வரலாகாது என்று விலக்கினேன். ஒழுங்குப் பதிவேட்டில், அழகிய கையெழுத்தில், 'தக்க தண்டனை வழங்கப்பட்டது' என்று எழுதிக் கையொப்பம் இட்டேன்.

அடுத்த மாதம் கணக்கு முடிக்கும்போது, அந்தப் பணம் பதிவேட்டின் பின்னட்டை உறைக்குள் மடிந்து கிடந்தது. வைத்தவன் நானே.

அன்று மாலையே அவன் வீட்டிற்குச் சென்றேன். வாசலில் அமர்ந்து அவன் தந்தை சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன், பதிவேட்டில் எழுதியதை அடித்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவர் எழுந்து நின்று, அரத்தைக் கீழே வைத்துவிட்டு, கோபமின்றிக் கேட்டார்: "அது சரிங்க ஐயா. பய தப்புப் பண்ணுனான்னு எழுதுறதுக்கு ஒரு நோட்டு வச்சிருக்கீங்க. அன்னைக்குப் பூட்டைத் தெறந்து குடுத்தானே, அதை எந்த நோட்டுல எழுதுனீங்க?"

எந்த நோட்டிலும் எழுதவில்லை. எழுதுவதற்கு அப்படி ஒரு நோட்டே என் பள்ளியில் இல்லை. தண்டனைக்குப் பதிவேடு இருந்தது. அதற்குத் தேதி உண்டு, வரிசை எண் உண்டு, கையொப்பம் உண்டு. நன்மைக்கு ஆண்டுக்கு ஒருமுறை பரிசளிப்பு விழா இருந்தது. அதுவும் மதிப்பெண்ணுக்கும் ஓட்டப் பந்தயத்திற்கும் மட்டுமே. 1755ஆம் ஆண்டில் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ந்த கதியை வகுப்பில் விளக்கிய நான், அதே கதியை ஒரு தமிழ்ச் சொல்லுக்கு என் கையாலேயே செய்துகொண்டிருந்தேன். மஞ்சள் துணியைக் கண்டு பணம் கொடுத்த அதிகாரிக்கும், பூட்டுக் கம்பியைக் கண்டு திருடன் என்று எண்ணிய எனக்கும் என்ன வேறுபாடு? இருவரும் கட்டை அவிழ்த்துப் பார்க்கவில்லை.

மறுநாள் ஒரு புதிய நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் அந்த மாணவன் பெயரையும், தேதியையும், அவன் செய்ததையும் எழுதினேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில், என் தவற்றையும் சேர்த்து, அதைப் படித்தேன். அவன் தலை குனிந்தே நின்றான். அவனுக்கு நான் இழைத்த தீங்கு அதனால் நீங்கியதென்று சொல்ல மாட்டேன். ஒரு வாரம் தெருவில் அவனைத் திருடன் என்று பார்த்த கண்களை நான் எவ்வாறு திருப்ப இயலும்? ஆனால் அந்த நோட்டு நான் ஓய்வு பெறும்வரை தொடர்ந்தது. கீழே விழுந்த முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற பெண், நண்பனுக்காகத் தன் தேர்வுக் கட்டணத்தைத் தந்துவிட்டு நின்ற பையன், குடிநீர்க் குழாய் சொட்டுவதை நாள்தோறும் வந்து அடைத்துச் சென்ற சிறுவன் என்று அதில் ஏறிய பெயர்கள் பல. பரிசென்று பெரிதாக ஒன்றும் இல்லை. பெயர், ஊர், நிகழ்ச்சி; அவ்வளவே. புலிமான்கோம்பைக் கல்லில் இருப்பதும் அவ்வளவுதானே!

மாணவ நண்பர்களே, முடிப்பதற்குமுன் மொழி ஆசிரியனாக ஒரு வேண்டுகோள். இன்று நம் வழக்கில் 'தக்க' என்னும் சொல் எங்கெங்கே வருகிறது என்று செவிகொடுத்துக் கேளுங்கள். 'தக்க நடவடிக்கை', 'தக்க பாடம்', 'தக்க பதிலடி' என்று அச்சுறுத்தலோடு வருவதே மிகுதி. 'தக்க சமயம்', 'தக்க துணை' என்னும் நல்ல தொடர்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஆனால் 'தக்க பரிசு', 'தக்க பாராட்டு', 'தக்க மரியாதை' என்பன அருகி வருகின்றன. ஒரு சொல்லின் பாதிப் பொருள் பயன்படுத்தாமையால் தேய்ந்துவிடும். பொருள் தேய்ந்தால் அதற்குரிய பழக்கமும் தேயும். வீட்டிலும் வகுப்பிலும் இச்சொல்லை அதன் நல்ல பொருளில் ஆளுங்கள். அவ்வாறு ஆளும்போது, கொடுப்பவரிடம் நடுநிலை உள்ளதா, பெறுபவரிடம் செயல் உள்ளதா என்னும் இரண்டையும் பாருங்கள். கட்டை அவிழ்த்துப் பாருங்கள்.

'தக்க' என்பதை இலக்கணம் பெயரெச்சம் என்று கூறும். எச்சம் என்றால் முடியாமல் நிற்பது. ஒரு பெயரைக் கொண்டு முடிவதற்காகக் காத்து நிற்பது. தண்டனை என்னும் பெயரைத் தந்தும் அதனை முடிக்கலாம். பரிசு என்னும் பெயரைத் தந்தும் முடிக்கலாம். எதைத் தருவது என்பது எழுதுகோலைப் பிடித்திருப்பவர் பொறுப்பு. நாளை அந்த எழுதுகோல் உங்கள் கையில் இருக்கும். அப்போது, திண்டுக்கல்லில் ஒரு பூட்டுத் தொழிலாளி கேட்ட கேள்வியை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.